ஏரிக்கு நடுவில் கை மாறிய குழந்தை

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அந்த வயதுக்கு இருக்க வேண்டிய எடை இல்லை. பதினைந்து நாட்களாகப் பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். திருப்பதியில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரம்மா அவள் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது.

"பால்னு நெனச்சேன் மேடம்" என்றேன்.

"பாலா இருந்தா ஈரத்துணியில தொடச்சா வந்துடும்மா. இது வராது. பூஞ்சை. பாட்டில்லேர்ந்து வந்திருக்கும். தாய்ப்பால் குடுக்கிறீங்களா? குடுத்தா உங்களுக்கும் ஒட்டும், நீங்களும் மருந்து போட்டுக்கணும்."

இல்லை என்று தலையாட்டினேன். நான்காவது மாதமே பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பியவள் நான். எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். பகல் முழுவதும் பாட்டில், ராத்திரி மட்டும் நான் என்று இருந்தது, மூன்றே வாரத்தில் எனக்குப் பால் வற்றிப்போனது. அதனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காத கேள்வி. அதற்குப் பின்னால் டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். நாளுக்கு நான்கு வேளை, பத்து நாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். எல்லாவற்றுக்கும் போனில் அலாரம் வைத்தேன்.

எட்டாவது நாள், அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு தீவுக்குப் புறப்பட்டேன்.

என் கணவரின் அக்காவைச் சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கு நடுவில் இருக்கும் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறார்கள். அவர் மகள் பெரியவளாகிவிட்டாள். பெண்ணை உட்காரவைக்கும் பச்சை ஓலைக் குடிசையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். என் கணவர் இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டார். சீர்த்தட்டுகளோடு நானும் என் மாமியாரும் பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு. அத்தை கார்வேட்டிநகரத்திலிருந்து முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, நான் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

விடியற்காலை பஸ் பிடித்து சூளூர்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் படகுத்துறைக்குப் போனோம். ஆட்டோவில் எங்களோடு பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் ஏறினாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருக்கும். மடியில் அரிசி மூட்டை. அத்தையைப் பார்த்ததும், "சீரா பெரிம்மா? குடுங்க, நான் புட்ச்சிக்கிறேன்" என்று வாழைப்பழத் தட்டை வாங்கிக்கொண்டாள். என் மகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டு மணி அலாரம் அடித்ததும் நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து, பவுடரை மட்டமாக வழித்துப் போட்டுக் கலக்கினேன். மகள் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"பாட்டிலா குடுக்கிறே?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாம்" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையே நடந்த பேச்சு அவ்வளவுதான். பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்ற மாதங்களில் இன்ஜின் படகு உண்டாம். மே மாதத்தில் தண்ணீர் வற்றி, இன்ஜினின் இறக்கை சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்பதால் பாய்மரப் படகுதான். பாய் என்றால் நான் வெள்ளைத்துணியை நினைத்திருந்தேன். அது பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை வெட்டித் தைத்தது. ஏதோ நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் வாயும் கழுத்தும் மட்டும் நடுவில் பெரிதாக இருந்தன. லைஃப் ஜாக்கெட் உண்டா என்று படகுக்காரரிடம் கேட்டேன். அவர் அத்தையைப் பார்த்து, "மருமவளா?" என்றார். அத்தை சிரித்தார். நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

காலையில் கரையிலிருந்து அடிக்கும் காற்றில் படகு நன்றாகத்தான் போனது. அரை மணிக்கெல்லாம் சுற்றிலும் தண்ணீர்தான். பின்னால் கரை ஒரு கோடு, முன்னால் தீவு ஒரு கோடு. எனக்கு நீச்சல் தெரியாது. ஒரு கையால் மகளையும் மறு கையால் பலகையையும் பிடித்துக்கொண்டு, படகு கவிழ்ந்தால் எந்தக் கையை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அடியில் ஏதோ உரசியது. படகு ஒரு உதறு உதறி நின்றது. நகைக்கடைப் பெண்ணின் வாய் தொளதொளவென்று மடிந்து தொங்கியது. படகுக்காரர் எழுந்து நின்று, "திகண்டி! அந்தரூ திகண்டி!" என்று கத்தினார்.

எல்லோரும் இறங்குங்கள் என்கிறார். ஏரிக்கு நடுவில்.

மூழ்குகிறது என்றே நினைத்தேன். மகளை மார்போடு அழுத்திக்கொண்டேன், அவள் வீரிட்டாள். என் எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, வீட்டு வாசற்படி இறங்குவதுபோல் தண்ணீரில் இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏரியின் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டு படகைத் தள்ளினார்கள், பேசினார்கள், ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடினார். நானும் எழுந்தேன். "நீ ஒக்காரும்மா" என்றார் படகுக்காரர். "அடியில சேறு. நடக்கத் தெரியாதவங்க எறங்குனா ஒருத்தர இழுக்க ரெண்டு பேர் வேணும். படகத் தள்ளுறதா, உன்னத் தள்ளுறதா?"

"எவ்வளவு நேரமாகும்?"

"காத்தக் கேட்டா சொல்லும்."

ஒன்பதரை மணி வெயில். படகில் கூரை கிடையாது. என் முந்தானை நிழலில் மகளின் முகம் சிவந்துபோயிருந்தது. பச்சைப் புடவைக்காரி அதற்குள் அரிசி மூட்டையைப் படகிலேயே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து தண்ணீரில் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடு. வெயில்ல வாடிப்பூடும். நான் முன்னால தூக்கினு போறேன்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தலையசைத்தார். கொடுத்தேன்.

இதை எழுதும்போதுகூடக் கை நிற்கிறது. அவ்வளவு சுலபமாகக் கொடுத்தேன். அவள் மகளைத் தோளில் போட்டு, ஈரத்துண்டால் தலையை மூடி, சேற்றில் கால் மாற்றி மாற்றி வேகமாக நடந்தாள். கொஞ்ச நேரம் அழுகை கேட்டது. பிறகு பச்சை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் ஒரு புள்ளியானது.

சும்மா இருக்க முடியாமல், "அத்தை, அவங்க அண்ணி வீட்டுக்கு என்ன உறவு?" என்று கேட்டேன்.

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எவங்க?"

"இப்ப குழந்தையைத் தூக்கிட்டுப் போனவங்க."

"எனுக்கு இன்னா தெரியும்? உனுக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு நெனச்சேன். ஆட்டோவுலேர்ந்து நீதான பேசிக்கினு வந்தே?"

"உங்களைத்தானே பெரிம்மான்னு கூப்பிட்டாங்க?"

"வயசானவள பின்ன தங்கச்சின்னா கூப்புடுவாங்க? நீ என்னப் பாத்தே, சரி, குடுக்கத்தான் கேக்குறேன்னு தலையாட்டினேன்."

மாமியார் எதிரில் நாலு பேர் பார்க்க ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று நான் பேசாமல் இருந்திருக்கிறேன். படித்த மருமகளுக்குத் தெரியாததா என்று அவர் பேசாமல் இருந்திருக்கிறார். நடுவில் என் குழந்தை போய்விட்டது.

"யாருங்க அவங்க? அவங்க வீடு எது?" என்று நான் கத்தியதில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

பீடிப் பெரியவர் சிரித்தார். "ஏம்மா, இந்த ஏரியில புள்ளயத் திருடிக்கினு எங்க ஓடுறது? ஓடினாலும் நடந்துதான் போவணும். நாமதான் பாத்துக்கினே கீறோமே!" எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவர் கை என் முழங்கை மேல் இருந்தது.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. படகுக்காரர் "ஏய், ஏய்" என்பதற்குள் இறங்கிவிட்டேன். கால் முட்டிவரை சேற்றில் போனது. இழுத்தால் செருப்பு வரவில்லை. விட்டுவிட்டேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பால் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து தள்ளினேன். சிப்பி பாதத்தைக் கீறியது. பதினொரு மணிக்கு அலாரம் அடித்தது. சேற்றுக்கையோடு அதை அணைக்க முடியவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. "பால் டைம்" என்று திரையில் நான் எழுதி வைத்திருந்த எழுத்துகள் விட்டு விட்டு மின்னின.

கரை சேரும்போது பதினொன்றரை. துறையில் அவள் இல்லை. இறால் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், பச்சைப் புடவை, கையில் குழந்தை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தாலேயே வழி காட்டினார். "அந்த நீலக் கதவு. படகு தட்டிப்போச்சின்னா கைக்கொழந்தைங்கல்லாம் அங்கதான் போவும். அவ புள்ள பெத்து நாலு மாசம்."

இரண்டும் என்ன சம்பந்தம் என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரியவில்லை. நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு தலைகள். இடது பக்கம் அவளுடைய மகன், குடித்த மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். வலது பக்கம் என் மகள். மூன்று மாதமாக மார்பை அறியாத என் மகள், கண்ணை மூடிக்கொண்டு, முஷ்டியை அந்தப் பெண்ணின் மார்பில் ஊன்றிக்கொண்டு, விழுங்கிக்கொண்டிருந்தாள். விழுங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் நான் மூன்று வாரத்துக்கும் மேலாகப் பாட்டிலின் எதிரில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தேன்.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே போய்ப் பிடுங்கினேன். வாயிலிருந்து பால் அவள் கழுத்திலும் என் கையிலும் வழிந்தது. மகள் அலறிய அலறலில் அவனும் விழித்துக்கொண்டு அழுதான்.

"இன்னாக்கா, பாதி சோத்துல தட்டப் புடுங்குறே?" என்றாள் அவள். கோபமாகக்கூட இல்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "வர்ற வழியெல்லாம் அழுதா. நீ வர்றதுக்கு எத்தினி நேரம் ஆவுமோ. எனக்கும் காலைலேர்ந்து பால் கட்டிக்கினு வலி. அதான் மொதல்ல எறங்கி ஓடியாந்தேன்."

நான் பையைத் திறந்து பாட்டிலைக் கலந்தேன். பவுடர் தரையில் சிந்தியது. மகள் ரப்பரை நாக்கால் தள்ளினாள். மறுபடி வைத்தேன், மறுபடி தள்ளினாள். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அந்தப் பெண் இருக்கும் பக்கம் திரும்பினாள். எனக்கு வந்தது கோபமா அவமானமா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கடைசியில் மகளைத் திரும்ப அவள் மடியில் வைத்தேன். வைத்துவிட்டு, பார்க்க முடியாமல், வாசலில் போய் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றைச் சுரண்டினேன்.

விசேஷ வீட்டில் என் கணவர் ஓலையும் கத்தியுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன். "ஆமாம், இங்க அப்படித்தான். அக்காவோட ரெண்டு பசங்களும் கைக்குழந்தையில அப்படித்தான் வந்தாங்க. ஏன், உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் பந்தலில் மகள் பாட்டிலைத் தொடவில்லை. வரிசைத்தட்டோடு வந்த பச்சைப் புடவைக்காரி தட்டை இறக்கி வைத்துவிட்டு "குடு" என்றாள். கொடுத்தேன். மறுநாள் காலை நானே நீலக் கதவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போவதற்கு முன்னால், அலாரம் அடித்ததும், மறக்காமல் மகளின் நாக்கில் சொட்டு மருந்தை விட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகுதான் அவளிடம் கொடுத்தேன். அவ்வளவு கவனமாக இருந்தேன்.

மத்தியானம் கடல்காற்று எழுந்தால் திரும்பும் படகு. அதற்குமுன் அவளிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும் என்று காலையிலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருந்தது. எப்படிக் கேட்பது? மூன்று முறை என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளிடம், உனக்கு ஏதாவது நோய் உண்டா என்று எந்த வார்த்தையால் கேட்பது? "உனக்கு... பிரசவத்தப்ப டெஸ்ட் எல்லாம்..." என்று இழுத்தேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு அட்டையோடு வந்தாள். கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அட்டை, தெலுங்கில் அச்சடித்தது. "எனக்குப் படிக்கத் தெரியாது. மூணாவது கட்டத்துல கீதாம். போன தடவ வந்த டீச்சரம்மா காமிச்சாங்க. படிச்சவங்க எல்லாருமே கேப்பாங்க. நீதான் ஒரு நா லேட்டு."

மூன்றாவது கட்டத்தைப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனாலும் உள்ளே ஒரு கனம் இறங்கியது, அதையும் மறைக்கவில்லை.

அவள் அட்டையைக் கவரில் போட்டு மடித்துக்கொண்டே, குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல், "உம் பொண்ணுக்கு ஒன்னும் இல்லியே அக்கா? அவனும் இதுலதான குடிக்கிறான்" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன். அப்போதுதான் டாக்டரம்மாவின் குரல் எனக்கு முழுதாகக் கேட்டது. குடுத்தா உங்களுக்கும் ஒட்டும்.

ஏரியில் படகு நின்றபோதுகூட என் நெஞ்சு அப்படி நின்றதில்லை. இரண்டு நாட்களாக அவளிடமிருந்து என் மகளுக்கு என்ன வரும் என்று மட்டுமே நினைத்திருக்கிறேன். என் மகளிடமிருந்து அவளுக்குப் போகும் என்று ஒரு முறை, ஒரே ஒரு முறைகூட, எனக்குத் தோன்றவில்லை. மருந்தை என் கையாலேயே அளந்து விட்டுக்கொண்டும் தோன்றவில்லை.

சொன்னேன். நாக்கில் வெள்ளை, பூஞ்சை, ஒட்டும் என்று தடுமாறிச் சொன்னேன்.

அவள் கவரைக் கீழே வைத்தாள். மகனை வெயிலுக்குத் தூக்கி வந்து, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நாக்கு வெள்ளையாக இருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தேன். வந்துவிட்டது. பால்தான். ஆனால் பூஞ்சை ஒட்டியிருந்தால் வெளியே தெரியச் சில நாள் ஆகலாம் என்பதும் எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன்.

"நேத்து வந்து புடுங்கினியே, அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

பையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தேன். வெள்ளை வந்தால் மகனுக்கு எப்படிப் போடுவது, அவளுக்கு எப்படி என்று இரண்டு முறை சொன்னேன். "உனுக்கு?" என்றாள். சூளூர்பேட்டையில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். வாழைப்பழத் தட்டில் மீதியிருந்த பழங்களை அத்தை அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

ஊர் திரும்பிய பிறகு தினமும் காலையில் போன் செய்தேன். "நாக்கு எப்படி இருக்கு?" "ஒன்னுமில்ல." ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். "ரெண்டு பொட்டு வந்துகீது அக்கா. தொடச்சேன், வரல. எனக்கும் எரியுது."

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனேன். மகளுக்கு வாய் சுத்தமாகிவிட்டது, பாட்டிலையும் குடிக்கத் தொடங்கியிருந்தாள், எடையும் கொஞ்சம் ஏறியிருந்தது. "குட். பவுடர் பாலைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். திட்டினார். முதலில் என் மகளுக்காக, பிறகு அந்தப் பையனுக்காக. இரண்டாவது திட்டுதான் நீளமாக இருந்தது. கடைசியில் ஒரு தாளை இழுத்து, அங்கே வரும் நர்சம்மாவிடம் காட்டச் சொல்லி, இருவருக்கும் மருந்தையும் அளவையும் எழுதினார்.

"பையன் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"அம்மா பேர்?"

அதுவும் தெரியவில்லை. என் போனில் அவள் நம்பரை "ஐலண்ட்" என்று போட்டு வைத்திருந்தேன். டாக்டரம்மா காத்திருந்தார். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வராந்தாவுக்குப் போய், அவளைக் கூப்பிட்டேன். நான்கு ரிங்கில் எடுத்தாள். பின்னால் காற்றும், குழந்தையின் அழுகையும் கேட்டன.

"உன் பேர் என்னம்மா?" என்றேன்.